தகப்பனைக் காப்பாற்றும் சண்டை

சென்ற சித்திரையில் ஒரு மாலை, பிள்ளைச்சாவடியில் கடல் இன்னும் விட்டுவைத்திருக்கிற கொஞ்ச மணலில் உட்கார்ந்து, நண்பர் ஒருவர் ‘அக்னி நட்சத்திர’த்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நண்பர் கவிதை எழுதுபவர். வியாபார சினிமாவைப் பொதுவாகத் தொடாதவர். இந்த ஒரு படத்துக்கு மட்டும் அவரிடம் விதிவிலக்கு உண்டு. அண்ணன் தம்பிப் பகைமையை அதன் உக்கிரம் குறையாமல் தமிழில் காட்டிய படம் இதுதான் என்பது அவர் கட்சி. நான் அன்று பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் படம் ஒரு காலத்தில் பிடித்திருந்தது என்பது ஒரு காரணம். என்னிடமிருந்த மறுப்பு சினிமாவைச் சேர்ந்ததாக இல்லாமல் வங்கிக் கவுன்ட்டரைச் சேர்ந்ததாக இருந்தது என்பது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

படம் 1988 ஏப்ரலில் வந்தது. ‘நாயக’னுக்கு அடுத்த ஆண்டு. மணிரத்னம் டைரக்ஷன், பி. சி. ஸ்ரீராம் காமிரா, இளையராஜா இசை. தயாரித்தவர் மணிரத்னத்தின் அண்ணன் ஜி. வெங்கடேஸ்வரன். ஆக, அண்ணன் தம்பிச் சண்டையை ஓர் அண்ணனும் தம்பியும் சமாதானமாக உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள். நன்றாக ஓடியது. 1992இல் ‘வம்ஷ்’ என்று இந்திக்கும் போயிற்று. கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விஸ்வநாத் என்று ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி (விஜயகுமார்). அவருக்கு இரண்டு வீடு. ஒரு வீட்டில் சுமித்ராவும் மகன் கௌதமும் (பிரபு). இன்னொரு வீட்டில் ஜெயசித்ராவும் மகன் அசோக்கும் (கார்த்திக்), ஒரு மகளும். கௌதம் போலீஸ் அதிகாரி. அசோக் வேலை இல்லாதவன். பார்த்த இடத்திலெல்லாம் முட்டிக்கொள்கிறார்கள். தகப்பனார் ஒரு விசாரணைப் பொறுப்பை ஏற்று ஒரு பெரும்புள்ளிக்கு எதிராகப் போகிறார். பெரும்புள்ளி அவரைக் கொல்லப் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவரைக் காப்பாற்ற இரு மகன்களும் கைகோக்கிறார்கள். சுபம்.

இரு துருவங்கள், இருவேறு குணங்கள் என்று சொல்லிச் சொல்லியே இந்தப் படம் நமக்கு விற்கப்பட்டிருக்கிறது. எங்கே அந்த இருவேறு குணம்? ஒருவன் காக்கிச்சட்டை, ஒருவன் ஜீன்ஸ். ஒருவன் தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கிறான், ஒருவன் வளர்த்திருக்கிறான். இதைத் தாண்டி இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க முயன்றேன். தாள் வெறுமையாகவே இருந்தது. இருவரும் முன்கோபிகள். இருவரும் சொல்லுக்கு முன்னால் கையை நீட்டுகிறவர்கள். இருவருக்கும் ஒரு காதலி உண்டு, அவளோடு சில பாட்டுகள் உண்டு. இருவரும் தாயின் பெயரால் உருகுகிறார்கள். தகப்பனைப் பற்றி ஏதாவது கடுமையாகக் கேட்க வேண்டிய இடம் வந்தால் இருவரும் ஒரே மாதிரி கேட்காமல் விட்டுவிட்டு, அந்தச் சூட்டை மற்றவன்மேல் கொட்டுகிறார்கள். வார்ப்பு ஒன்று, வர்ணம் இரண்டு. பிரபுவின் நிதானமும் கார்த்திக்கின் துடிப்பும் நடிகர்களுடையவை, பாத்திரங்களுடையவை அல்ல. கார்த்திக்கைப் பற்றி இதை எழுத எனக்கு வருத்தம்தான். பையனாக இருந்தபோது டெலிவிஷனில் இந்தப் படம் வந்த ஒவ்வொரு முறையும் நான் அசோக்கின் கட்சி.

ஸ்ரீராமின் ஒளியைப் பற்றிச் சொல்லாமல் யாரும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். லென்சுக்குள் நேராக விழும் வெளிச்சம், தூசியில் தெரியும் கதிர்கள், இறுதிச் சண்டையில் விட்டுவிட்டு மினுக்கும் விளக்குகள்: 1988இல் இது புதிது, திறமையானது, பின்னால் வந்த முப்பது வருஷத்து விளம்பரப் படங்களுக்கெல்லாம் பாடப்புத்தகம். ஆனால் இந்த ஒளி எதையாவது காட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கண் கூசும்போது பார்க்க முடியாது. இரு மகன்களின் முகத்துக்குப் பின்னால் சூரியனை வைத்துவிட்டால் அவர்கள் கோபம் காவியத்தன்மை பெற்றுவிடுகிறது. அந்தக் கோபம் யார்மேல், எதற்காக, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விகள் வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. வீட்டின் அடுப்படி, அப்பா வராத ராத்திரி, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் எழுதும்போது தயங்கும் கை — இவற்றுக்கு அந்த மாதிரி ஒளி தேவையில்லை. நாற்பது வாட் பல்பு போதும். அந்த பல்பு இந்தப் படத்தில் எரியவேயில்லை.

கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தகப்பன். இதை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, கதையிலேயே இருக்கிறது. இரண்டு பெண்களை, இரண்டு வீடுகளை, இந்த மூன்று பிள்ளைகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர் ஒருவரே. ஆனால் படம் அவரை என்னவாக வைத்திருக்கிறது? நேர்மையான அதிகாரி. மிரட்டலுக்குப் பணியாதவர். இரண்டு வீட்டிலும் சமமாகப் பிரியம் காட்டுபவர். அவர் முகத்தில் எப்போதும் ஒரு சோகம். அந்தச் சோகமே அவருக்கு நற்சான்று. ஓர் ஆண் இரண்டு வீடு வைத்துக்கொண்டு அதனால் வருத்தப்படவும் செய்தால் அவன் உத்தமன் என்பது நம் சினிமாவின் தர்ம சாஸ்திரம்.

இங்கே ஒரு குமாஸ்தாவின் புத்தியோடு சில விவரங்களைச் சொல்ல அனுமதி வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணம் 1949ஆம் வருஷச் சட்டத்திலேயே தடுக்கப்பட்டுவிட்டது. 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாம் திருமணம் செல்லாது, குற்றமும் கூட. இந்தியத் தண்டனைச் சட்டம் 494ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. (2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதையின் 82ஆம் பிரிவு, எண் மாறியிருக்கிறது, ஏழு வருஷம் அப்படியே.) சாதாரண மனிதனுக்கே இப்படி. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு 1968ஆம் வருஷ நடத்தை விதிகளில் தனியாகவே ஒரு விதி இருக்கிறது: மனைவி இருக்க இன்னொரு திருமணம் கூடாது என்று. ஆக 1988இல் சென்னை நகரில் எல்லோருக்கும் தெரிய இரண்டு குடும்பத்தோடு வாழும் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை, ஊழலை விசாரிக்கும் தூய கரமாக நம் முன் நிறுத்துகிறார்கள். விசாரிக்கப்பட வேண்டியவரை விசாரணை அதிகாரியாக்கிவிட்டால் அப்புறம் அவரை யார் விசாரிப்பது?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இருதாரக் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால்தான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். போலீஸ் தானாக எடுத்துக்கொண்டுவிட முடியாது. ஆனால் மனைவியின் சார்பில் வேறு சிலரும் புகார் செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198ஆம் பிரிவு ஒரு பட்டியல் போட்டது. தகப்பன், தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள். மகன்! கௌதம் என்ற அந்த இளம் அதிகாரி படம் முழுக்கச் சட்டத்தைச் சட்டையாக மாட்டிக்கொண்டு திரிகிறான். சட்டத்தின் பெயரால் தம்பியை அடக்கப் பார்க்கிறான். தன் தாய்க்காகத் தானே திறக்கக்கூடிய ஒரு கதவு அந்தச் சட்டத்திலேயே இருப்பது அவனுக்குத் தெரியாதா? அவன் அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த மகனும் லேசில் திறக்க மாட்டான். அதன் முன்னால் ஒரு ராத்திரி நின்றிருக்கலாம். கையை வைத்துவிட்டு எடுத்திருக்கலாம். அந்த ஒரு காட்சி இருந்திருந்தால் அவன் தம்பியை அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் வேறு அர்த்தம் வந்திருக்கும். மணிரத்னம் என்ற கெட்டிக்காரருக்கு அந்தக் கதவு கண்ணில் படவேயில்லை. பட்டிருந்தால் படமே நின்றிருக்கும் என்பது வேறு விஷயம்.

உண்மை இந்தப் படத்தில் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அதுவும் யாரும் கவனிக்காத இடத்தில். வி. கே. ராமசாமியும் ஜனகராஜும் வரும் சிரிப்புப் பகுதி. மனைவி ஊருக்குப் போய்விட்டாள் என்று ஜனகராஜ் குதிக்கிற குதி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஆண்கள் வாயில் புழங்குகிறது. மனைவியின் கண்ணுக்குத் தப்பி இன்னொரு பெண்ணைத் தேடி அலையும் ஆண்களின் கதை அது. அதாவது, விஸ்வநாத் ஐ.ஏ.எஸ்.ஸின் கதை. வயலின் இல்லாமல், சோக முகம் இல்லாமல், அவருடைய சரித்திரம்தான் அங்கே கேலியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைத்துவிட்டு, ஒன்றுக்குச் சிரிக்கவும் ஒன்றுக்கு அழவும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் இடையே ஒரு நூல்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது தற்செயலென்றால் டைரக்டரின் பிரக்ஞையைச் சந்தேகிக்க வேண்டும். திட்டமென்றால் அவருடைய நேர்மையை.

நண்பர் இந்த இடத்தில் என்னை மறிப்பார் என்று தெரியும். வியாபாரப் படத்திடம் போய் இதையெல்லாம் கேட்கலாமா, அதன் எல்லைக்குள் அது செய்ததைப் பாராட்டக் கூடாதா என்பார். இந்தச் சலுகையைத்தான் நாம் ஐம்பது வருஷமாகக் கொடுத்துவருகிறோம். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் நாம். ‘லியர் அரச’னைப் பரீட்சைக்காகவாவது படித்திருக்கிறோம். அதுவும் அதன் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குப் போட்டுக் காட்டிய நாடகம்தான். அதிலும் ஒரு பிரபு, இரண்டு மகன்கள். ஒருவன் மனைவிக்குப் பிறந்தவன், ஒருவன் வெளியே பிறந்தவன். நாடகம் தொடங்கி இரண்டு நிமிஷம் ஆவதற்குள், க்ளாஸ்டர் பிரபு அந்த வெளிமகன் எட்மண்டைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, அவன் பிறந்த கதையைக் கென்ட்டிடம் வேடிக்கையாகச் சொல்கிறான். அந்தப் பையன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பிறகு அந்த நாடகத்தில் நடக்கும் அத்தனை கொடுமைக்கும் ஒரு வேர் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. எட்மண்டின் பொய்க் கடிதம், எட்கரின் ஓட்டம், கடைசி வாள்சண்டை எல்லாம் அண்ணன் தம்பி விவகாரமாகத் தெரிந்தாலும் ஷேக்ஸ்பியர் கணக்கைத் தகப்பன் பேரில்தான் எழுதுகிறார். க்ளாஸ்டரின் கண்களைப் பிடுங்குகிறார்கள். குருடான பின்தான் அவனுக்கு எந்த மகன் யார் என்று தெரிகிறது.

இப்போது இரண்டு காயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். க்ளாஸ்டர் அடிபடுகிறான், அவன் செய்தது அவனுக்கே தெரியவருகிறது. விஸ்வநாத் அடிபடுகிறார், அவர் செய்தது எல்லோருக்கும் மறந்துபோகிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரு மன்னிப்புச் சாதனம். அதில் படுத்த மாத்திரத்தில் இருபது வருஷக் கணக்கு ரத்தாகிறது. அடித்தவன் வெளியாள் என்பதால் பழி முழுவதையும் அவன் தலையில் ஏற்றிவிடலாம். தகப்பனை எதிர்த்துக் கேட்க வேண்டிய இரு மகன்களும் தகப்பனுக்குக் காவலாளிகளாகிவிடுகிறார்கள். எவ்வளவு சுலபமான மாற்றம்! அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதெல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான ஒத்திகை மாதிரி ஆகிவிடுகிறது. சண்டையும் தகப்பனைக் காப்பாற்றியது, சமாதானமும் தகப்பனைக் காப்பாற்றுகிறது.

ஷேக்ஸ்பியரையும் சும்மா விட வேண்டியதில்லை. எட்மண்டின் தாய் அந்த நாடகத்தில் மேடைக்கு வருவதே இல்லை. ஒரு வசனத்தில் கேலியாக வந்து ஒரு வசனத்தில் சாபமாகப் போகிறாள். நானூறு வருஷம் கழித்து நம் படத்தில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள், புடவை கொடுத்திருக்கிறார்கள், ஜெயசித்ரா என்ற நல்ல நடிகையைக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கென்று ஒரு கேள்வியை மட்டும் கொடுக்கவில்லை. அவள் ஏன் இந்த வாழ்க்கைக்குச் சம்மதித்தாள், சம்மதித்தாளா, முதலாமவளைப் பற்றி முன்பே தெரியுமா? சுமித்ராவுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த அன்று என்ன செய்தாள்? இரண்டு பெண்களுக்கும் படத்தில் பொறுப்பதுதான் வேலை. மகன்கள் கோபப்பட்டால் அடக்குவது உபவேலை.

இந்தக் கோளாறு மணிரத்னத்தோடு தொடங்கியதல்ல. நம் குடும்பப் படங்களின் பிதாமகர் பீம்சிங். அவருடைய ‘பாகப்பிரிவினை’ 1959இல் வந்தது. அதில் அண்ணன் தம்பி வித்தியாசம் உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணையன் (சிவாஜி) கை விளங்காதவன், படிக்காதவன், வீட்டோடு கிடந்து உழைப்பவன். தம்பி (நம்பியார்) பெரியம்மாவின் செல்லம், படித்தவன். உடம்பிலும் உழைப்பிலும் படிப்பிலும் இறங்கியிருக்கிற வித்தியாசம் அது. சட்டை மாற்றினால் போய்விடாது. முந்தைய தலைமுறையின் அண்ணன் தம்பிகளாகப் பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதில் ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டின் மணம் இருக்கிறது. ஆனால் வீடு ஏன் உடைந்தது என்று கேட்டால் பீம்சிங்கின் விரல் எங்கே போகிறது? பிள்ளையில்லாத பெரியம்மாவிடம். சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்கிற எம். ஆர். ராதாவிடம். ஒரு பெண், ஓர் அந்நியன். சொத்தைக் கையில் வைத்திருந்த ஆண்கள் எல்லோரும் அப்பாவிகள். மின்சாரம் தாக்கி முடங்கிய கை கடைசியில் மின்சாரத்தாலேயே சரியாகிவிடுகிறது. வீடும் அப்படியே சரியாகிவிடுகிறது. அந்த மின்சாரக் கம்பிதான் இருபத்தொன்பது வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலாக மாறியிருக்கிறது. நடுவில் 1981இல் ‘தீ’ என்று ஒன்று வந்தது. ‘தீவா’ரின் நகல், போலீஸ் தம்பி, கடத்தல்கார அண்ணன். அங்கே தகப்பன் ஓடியே போய்விடுகிறார். இருந்தாலும் ஓடினாலும் கணக்குக் கேட்கப்படாதவர் அவர்.

கணக்குக் கேட்ட படம் உண்டா என்றால், தகப்பனிடம் என்று சொல்ல மாட்டேன், அண்ணன் தம்பிச் சமாதானத்திடம் கணக்குக் கேட்ட படம் ஒன்று உண்டு. விஸ்காந்தியின் ‘ராக்கோவும் அவன் சகோதரர்களும்’, 1960. திரைப்படக் கழகத் திரையிடல் ஒன்றில், கால்வாசி நாற்காலிகூட நிறையாத ஒரு கூடத்தில் பார்த்தேன். தெற்கு இத்தாலியின் வறுமையிலிருந்து ஒரு விதவைத் தாயும் அவள் மகன்களும் மிலானுக்குப் பிழைக்க வருகிறார்கள். சிமோனே முரடன், சீரழிபவன். ராக்கோ சாந்தன், ஏறக்குறைய ஒரு மகான். நாடியா என்ற பெண்ணைத் தம்பி நேசிக்க, அண்ணன் தம்பியின் கண்முன்னாலேயே அவளைப் பலாத்காரம் செய்கிறான். நம் சினிமாவாக இருந்தால் இங்கே சண்டை, பழிவாங்கல். விஸ்காந்தி செய்வது அதைவிடப் பயங்கரமானது. ராக்கோ அண்ணனை மன்னித்துவிடுகிறான். மிலான் தேவாலயத்தின் கூரையில் நின்றுகொண்டு, அண்ணனுக்கு நீ தேவை, அவனிடமே திரும்பிப் போ என்று நாடியாவிடம் சொல்கிறான். அந்தப் பெண்ணின் முகத்தை ஆனி ஜிரார்தோ என்ற நடிகை எப்படிக் காட்டினாள் என்பதை நான் எழுத முடியாது. கடைசியில் சிமோனே அவளைக் குத்திக் கொல்கிறான். ராக்கோவின் புனிதம்தான் அவளை அந்தக் கத்தி வரை அழைத்துப் போனது. அப்போதும் ராக்கோ அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுகிறான், மறைக்கப் பார்க்கிறான். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் இன்னொரு சகோதரன் சீரோதான் போலீசுக்குப் போகிறான். ரத்தபாசத்தைவிடப் பெரிய கடன் ஒன்று உண்டு என்று தெரிந்தவன் அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன். நம் ஊரில் அந்தப் பாத்திரத்துக்கு வில்லன் நடிகரைத்தான் போடுவார்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்துகொண்டால் நல்லது என்று நாம் கேள்வி கேட்காமல் நம்புகிறோம். தியேட்டரில் கைதட்டும் கூட்டத்துக்கும், கடற்கரையில் கவிதை பேசும் நண்பருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. பங்காளிகள் சேர்ந்துவிட்டார்கள் என்றால் ஊரே மூச்சுவிடுகிறது. அந்தச் சேர்க்கைக்கு யாரைப் பங்கிலிருந்து நீக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கவுன்ட்டர் விஷயத்துக்கு வந்துவிட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், எந்த ஊர் என்பது வேண்டாம், ஒரு பெரியவர் இறந்துபோய் அவர் பெயரிலிருந்த டெபாசிட்டைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். நாமினி இல்லாத கணக்கு. (2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று ஆகியிருக்கிறது; இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சௌகரியம்தான்.) நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மனைவி ஒன்று, மகன்கள் இரண்டு. மகன்கள் இருவருக்கும் தாய் வேறு என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில், பேச்சு நிதானமாக. இன்னொருவர் இளையவர், ஓட்டுநர் மாதிரி இருந்தார், கையில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சண்டை வரும் என்று நானும் பக்கத்துக் காசாளரும் எதிர்பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி கேஸ்களில் கவுன்ட்டருக்கு முன்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. முன்பே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். மூத்தவர் தன் தாயின் கையெழுத்தை ஏற்கெனவே வாங்கி வந்திருந்தார். இளையவருக்கு எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அண்ணன்தான் விரல் வைத்துக் காட்டினார். இவரும் ‘சரிண்ணே, சரிண்ணே’ என்று போட்டுக்கொண்டே வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காசாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாசலருகே பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. இளையவர் இடையிடையே திரும்பி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாரிசு யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்வது எங்கள் வேலை. நான் கேட்டேன்:

“அந்த அம்மா யாருங்க?”

இளையவர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட வந்தவங்க சார்.”

கேட்டது அந்த அம்மாளின் காதில் விழுந்ததா தெரியாது. எழுந்து போய் வாசல்படியில் நின்றுகொண்டார்.

சட்டப்படி அவன் சொன்னதில் தவறே இல்லை. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. 1976இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புக் கூறியது. நல்லது. பிள்ளைகளுக்கு வழி பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவளுக்கு அந்த வரிகளில் இடமில்லை. அவள் மனைவியும் அல்ல, விதவையும் அல்ல. எங்கள் பாரத்தில் அவளுக்கென்று கட்டம் கிடையாது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சரித்திரம் உண்டு. இந்துத் திருமணச் சட்டம் இங்கே வந்துசேர்ந்தது 1963இல்தான். 1881ஆம் வருஷ ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வழியினரை அது இன்றும் தொடுவதில்லை. மற்றவர்களுக்கு, 1949க்கும் 1963க்கும் நடுவே, எல்லைக்கு அந்தப் பக்கம் குற்றமாகிவிட்டது இந்தப் பக்கம் வழக்கமாகவே நீடித்தது. எங்கள் பகுதியில் எல்லை என்பது ஒரு தெருவின் வளைவுதான். வளைவுக்கு இப்பால் கட்டியவள் மனைவி, அப்பால் கட்டியவள் யாருமில்லை. அந்தக் காலத்துப் பாட்டிகள் சிலர் ‘எனக்கு இங்கதான் தாலி கட்டினாரு’ என்று இடத்தை அழுத்திச் சொல்வதன் அர்த்தம் எனக்கு வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

நானும் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாரங்கள் சரியாக இருந்தன. மேலதிகாரிக்கு அனுப்பினேன். பத்து நாளில் பணம் இரு கணக்கிலும் வரவாயிற்று. அந்தப் பையன் தாய்க்குக் கொடுத்திருப்பான், கொடுக்காமலா இருப்பான் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடுத்துமிருக்கலாம். ஆனால் அண்ணன் தனக்கு இடம் கொடுத்ததற்கு அவன் கவுன்ட்டரில் கட்டிய விலையை நான் என் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு ‘அக்னி நட்சத்திர’த்தை ஒரு முறை போட்டுப் பார்த்தேன். அசோக்கின் கட்சியில் இருந்த பையனாக அல்லாமல் பெஞ்சைத் தேடும் குமாஸ்தாவாகப் பார்த்தேன். மகன்கள் கைகோக்கும் இடம் வந்தது. இளையராஜா எழுந்தார். விளக்குகள் மினுக்கின. காமிரா இரு முகங்களைவிட்டு நகரவேயில்லை. நண்பரை மறுபடி சந்திக்கும்போது அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டி, ஜெயசித்ரா அப்போது எங்கே நிற்கிறார் என்று கேட்கப்போகிறேன்.